டெர்லிங்குவா ஓடைக்குக் கொண்டுபோன மாலைகள்

ஆடி பதினேழு, சனிக்கிழமை

விடியுமுன் டாலஸ் பக்கத்துக் காப்பெலை விட்டுக் கிளம்பினோம். காரில் நானும் என் மகள் தேன்மொழியும்தான். அவள் ஓட்டினாள். பின்னால் எலெக்ட்ரிக் குக்கர், கொஞ்சம் அரிசி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், தண்ணீர் கேன்கள். என் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குக் கனமே கிடையாது. உள்ளே இரண்டு கல்யாண மாலைகள், காய்ந்து சருகாகிப்போனவை. பின்சீட்டில் வைத்தால் வளைவில் உருளும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

போகிற இடம் டெர்லிங்குவா ஓடை. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கடைசியில், மெக்சிகோ எல்லையில் இருக்கிறது. காப்பெலிலிருந்து ஐந்நூற்றைம்பது மைலுக்கு மேல். அந்தத் தூரத்துக்கு எங்கள் முசிறியிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பியே வந்துவிடலாம்.

எதற்கு அத்தனை தூரம் என்று கேட்பீர்கள். காவிரிக்கரையில் எங்கள் பக்கம் கல்யாண மாலையைக் குப்பையில் போடமாட்டோம். காயவைத்து எடுத்துவைத்திருந்து, அந்த வருஷத்து ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆற்றில் விடுவார்கள். தேன்மொழிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் தை மாதம் கல்யாணம், இங்கேயே டாலஸ் பக்கத்தில் ஒரு கோயிலில். மாப்பிள்ளை முத்துக்குமாருக்குச் சாத்தூர். இரண்டு பேருக்கும் இங்கே கம்ப்யூட்டர் வேலை. அந்தச் சித்திரையிலேயே ஒரு நாள் படுக்கப்போன மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். உடம்பைச் சாத்தூருக்குக் கொண்டுபோனோம். காரியமெல்லாம் அங்கே அவர் அப்பா செய்தார். இங்கே மிஞ்சியது இந்த மாலைகள்தான்.

அதற்கப்புறம் மூன்று ஆடி போய்விட்டது. இந்த மாலைகளை என்ன செய்வதென்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எரித்துவிடு என்றார் ஒருவர். அரசமரத்தடியில் வை என்றார் இன்னொருவர். காப்பெலில் அரசமரத்துக்கு எங்கே போவது? தேன்மொழி எதற்கும் வாய் திறக்கவில்லை. பெட்டி அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது. இப்போது அவளுக்கு நியூ ஜெர்சியில் வேலை. ஆகஸ்டு கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மற்றப் பெட்டிகளில் எல்லாம் கறுப்பு மார்க்கரால் எழுதிவிட்டாள். துணி, புக்ஸ், பாத்ரூம் என்று. இது ஒன்றில் மட்டும் எழுதவில்லை. கூடக் கொண்டுபோகவும் மனசில்லை, விட்டுப்போகவும் மனசில்லை. ஜூலையில் நான் வந்து இறங்கிய அன்றைக்கே சொன்னாள்.

“ஆடிப் பதினெட்டை ஒட்டி லீவு அப்ளை பண்ணியிருக்கேன்மா. டெர்லிங்குவா போலாம்.”

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் அந்த ஓடையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அப்போது வெறும் மணல். சாத்தூர்க்காரருக்கு அதுவே பிடித்துவிட்டது. “எங்க வைப்பாறு மாதிரியே இருக்கு. மழைக்கு மட்டும் வேலைக்கு வர்ற ஆறு. ஆடிக்கு இதுல தண்ணி வரும், அப்ப வந்து மாலையை விடுவோம்” என்று சொல்லிவிட்டு வந்தாராம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஃபோர்ட் வொர்த், அபிலீன் எல்லாம் காலையிலேயே தாண்டினோம். மிட்லாண்ட் வந்ததும் இரண்டு பக்கமும் எண்ணெய்க் கிணறுகள். இரும்புக் கழுதைகள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே நிற்கின்றன. ஆள் ஒருவரும் இல்லை. மானகன்ஸ் என்ற ஊரில் ஃப்ரீவேயை விட்டுத் தெற்கே திரும்பினோம். ஃபோர்ட் ஸ்டாக்டன் தாண்டியபின் மலை தெரிய ஆரம்பித்தது. நாலு மணிவாக்கில் ஆல்பைன் வந்து ஒரு மோட்டலில் இறங்கினோம். வாடகை தொண்ணூற்றைந்து டாலர். தேன்மொழி வழியெல்லாம் பாட்டும் போடவில்லை, பேசவும் இல்லை. நானும் பேச்சுக் கொடுக்கத் தெரியாதவள்.

ஆடி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை

காலையில் குக்கரில் சாதம் வடித்துப் புளியோதரை கிளறினேன். ஆடிப்பெருக்கு அன்றைக்குக் கலந்த சாதம் இல்லாமல் முடியாது. கிளறிக்கொண்டிருக்கும்போதே சாத்தூரிலிருந்து சம்பந்தியம்மா போன். அங்கே சாயங்காலம்.

“மதினி, போயாச்சா?”

“பாதிக்கு மேல வந்தாச்சு மதினி. உங்க ஆத்துல தண்ணி வந்திருக்கா?”

“வைப்பாத்துல ஏது தண்ணி? சீமைக்கருவேல முள்ளுதான் ஓடுது.” சிரித்தார். “அங்கயாவது நல்லபடியா விட்டுட்டு வாங்க மதினி. பிள்ள மனசு லேசாகட்டும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிள்ளை என்று அவர் சொன்னது என் மகளைத்தான்.

எட்டு மணிக்கு நூற்றுப்பதினெட்டாம் நம்பர் சாலையில் தெற்கே கிளம்பினோம். ஆல்பைனிலிருந்து ஸ்டடி பியூட் என்ற சின்ன ஊருக்கு எண்பது மைல். நடுவில் பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது. போன் சிக்னலும் இல்லை. முதலில் புல்மேடுகள், அங்கங்கே மாடு. இந்த மலைமேடுகளில்தான் ஓடை பிறக்கிறது. தேன்மொழி வண்டியை ஓரம் கட்டி மேற்கே கை காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புல்லுக்கு நடுவில் தரை லேசாகக் கிழிந்தமாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆறு மலையில் பிறக்கும், சமவெளியில் நடக்கும், கடலில் கலக்கும் என்று பூகோளத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். இந்த ஆறு பிறந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை.

அங்கிருந்து தெற்கே எண்பது மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக அது போகிறது. தண்ணீர் போகிறது என்று சொல்ல முடியாது, தடம் போகிறது. போகப்போகப் புல் குறைந்து மண் வெளுத்தது. அப்புறம் சாம்பல் நிறம், அப்புறம் காவி. கறுப்பு மலைகள் தனித்தனியாகக் கொட்டிவைத்தமாதிரி நின்றன. வடமேற்கிலிருந்து அலமோ என்ற ஓடை வந்து இதில் சேர்கிறது. அதுவும் காய்ந்த ஓடைதான். காய்ந்த ஓடை இன்னொரு காய்ந்த ஓடையில் வந்து கலக்கிறதை இங்கேதான் பார்த்தேன். மணல் அகலமாகிறது, அதை வைத்துத்தான் சேர்ந்துவிட்டது என்று தெரிகிறது. கரையெல்லாம் மெஸ்கீட் மரம். இலையைக் கிள்ளிப் பார்த்தேன். நம்ம சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. முள்ளும் அப்படியே குத்துகிறது.

பத்தரை மணிக்கு ஸ்டடி பியூட். மேற்கே கொஞ்சதூரத்தில் ஓடைக்குக் குறுக்கே பாலம் இருக்கிறது. தேன்மொழி காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். நான் பெட்டியோடு இறங்கினேன். கீழே எட்டிப்பார்த்தோம்.

மணல். டயர் தடம். ஒரு பழைய செருப்பு. ஒரு பறவை எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

தேன்மொழி பாலத்துச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“காலண்டரைப் பாத்துட்டு வந்திருக்கோம்மா! மேட்டூர்ல திறந்துவிடுவாங்கன்னு நினைச்சமா? இந்த ஆத்துக்கு இன்னைக்கு ஆடிப் பதினெட்டுன்னு யாரு சொன்னா?”

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. எனக்கும் அது தோன்றவே இல்லையே. ஆடிப் பதினெட்டு என்றால் ஆறு நிறைந்து போகும், பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்த கண்ணு. இங்கே ஜூலை, ஆகஸ்டு மழைக்காலம் என்று இவள் போனில் பார்த்துச் சொன்னாள், சரியாகத்தான் இருக்கும் என்று வந்துவிட்டோம்.

“கீழே ஆறு இருக்குன்னியே, அங்க போய்ப் பாப்போம்” என்றேன்.

போனோம். பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குள்ளே போக வேண்டும். காருக்கு முப்பது டாலர் சீட்டு. ஒருமணி நேரத்துக்கு மேல் ஓட்டினபின் சாலை முடிகிற இடத்தில் ஒரு மலைச்சுவர், கத்தியால் பிளந்தமாதிரி. சாண்டா எலேனா பிளவு என்கிறார்கள். அதற்குள்ளிருந்து ரியோ கிராண்டே நதி வெளியே வருகிறது. இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தச் சுவர் மெக்சிகோ. டெர்லிங்குவா ஓடை நடந்து நடந்து வந்து நதியைத் தொடுகிற இடம் சரியாக அங்கேதான். ஓடையின் வாயில் சேறு வெடித்து, ஓடு ஓடாகச் சுருண்டிருந்தது. தண்ணீர் இருக்கும் நாளில் இதைத் தாண்ட முடியாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் செருப்புக்கூட நனையாமல் தாண்டினோம்.

நதியில் தண்ணீர் இருந்தது. கலங்கல்தான், ஆனால் ஓடுகிற தண்ணீர். மலைச்சுவர் முன்னூறு அடி இருக்கும் என்று நினைத்தேன், ஆயிரத்தைந்நூறு அடி என்றாள் தேன்மொழி. அதன் நிழலில் நின்று அவளைப் பார்த்தேன். கேட்காமலே புரிந்துகொண்டாள்.

“பார்க்ல எதுவும் போடக்கூடாதும்மா. ரூல்.” அப்புறம் மெல்ல, “ரூல் இல்லன்னாலும் போடமாட்டேன். அவர் சொன்னது இந்த ஆறு இல்ல” என்றாள்.

புளியோதரையை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

பிற்பகல் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஓடைக்கரையிலேயே இருக்கும் ஒரு சின்ன மண்சுவர் வீட்டுக்கு வந்தோம். இரவு தங்க வாடகைக்கு எடுத்தது, நூற்றுப் பத்து டாலர். வீட்டுக்காரம்மா டோனா, பக்கத்திலேயே இருக்கிறார். என் வயசுதான் இருக்கும். தலையில் வைக்கோல் தொப்பி, காலில் ஆண்பிள்ளைப் பூட்ஸ். நான் கும்பிட்டேன். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தேன்மொழி அவரிடம் விஷயத்தைச் சொல்லி, உங்கள் நிலத்தில் ஓடையில் பூவை விடலாமா என்று கேட்டாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஜரிகையை விரலால் தொட்டார்.

“பூ மட்டும்னா விடுங்கங்கறாங்கம்மா. நூலு, ஜிகினா எல்லாம் எடுத்துடணுமாம். கீழ மாடு மேயுதாம், தின்னுடுமாம்” என்று மகள் எனக்குச் சொன்னாள்.

“தண்ணி எப்ப வருமாம்?”

கேட்டாள். அந்தம்மா தோளைக் குலுக்கி வடக்கே கை காட்டினார். தூரத்தில் நாங்கள் காலையில் வந்த மேடுகளுக்கு மேலே மேகம் கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே சுத்தமான நீலம்.

வெயில் இருக்கும்போதே வாசலில் உட்கார்ந்து மாலைகளைப் பிரித்தோம். இங்கே கட்டின மாலை, வாழைநார் இல்லை, நைலான். இறுகிப் போயிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி இழுத்தால் ரோஜா பொடியாக உதிர்கிறது. சம்பங்கி மட்டும் காகிதம்போல நின்றது. இரண்டு மாலையையும் தனித்தனியாக வைக்கப்பார்த்தேன்.

“இதுல எது மாப்பிள்ளைது, எது உன்னுது?”

“மாத்தி மாத்திப் போட்டமேம்மா. எதைன்னு சொல்றது?”

சொல்லிவிட்டு இரண்டு குவியலையும் அவளே கையால் ஒன்றாகத் தள்ளினாள்.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. மாலையாக இருந்தவரைக்கும் திரும்ப அலமாரியில் வைக்கலாம். இப்போது அதுவும் போயிற்று. தண்ணீர் வராவிட்டால் இந்தப் பூத்தூளை இவள் நியூ ஜெர்சிக்குத் தூக்கிக்கொண்டு போவாளா? அந்த நேரத்தில் வடக்கே மின்னியது. சத்தம் கேட்கவில்லை.

ஆடி பத்தொன்பது, திங்கட்கிழமை

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். மணல், நேற்றைப்போலவே. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஒன்பது மணிக்குச் சாமானை ஏற்றினோம். குக்கரை வைத்தாள், கேனை வைத்தாள். பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, “போலாம்மா” என்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பவில்லை.

அப்போது டோனா வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்தார். இந்த ஓடைக்கரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். மேலே இருக்கிறவர் தண்ணீரைப் பார்த்தால் கீழே இருக்கிறவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். அவர் அடுத்தவருக்குச் சொல்லுவார். சிக்னல் இல்லாத இடத்திலும் வீட்டுக்கு வீடு கம்பிப் போன் வைத்திருக்கிறார்கள். நேற்று மாலை மேட்டில் கொட்டியிருக்கிறது. ராத்திரியெல்லாம் நடந்து வந்திருக்கிறது.

“தண்ணி வருதும்மா!” என்று கத்தினாள் தேன்மொழி.

கரையில் உயரமான இடத்தில் எங்களை நிறுத்தினார் அந்தம்மா. கீழே இறங்கக்கூடாது என்று கையைக் குறுக்கே நீட்டியே நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிரே காய்ந்த மணல். நான் கண்ணை மூடி நேற்று வந்த வழியையே நினைத்துக்கொண்டிருந்தேன். புல்லில் தெரிந்த கோடு, அலமோ வந்து சேர்ந்த இடம், சாம்பல் மண், காவி மண். ஒவ்வொன்றாகத் தாண்டி வருகிறது, இதோ வருகிறது.

“ஆனா பதினெட்டு தாண்டிடுச்சேடி” என்றேன். மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

“அவர் என்னைக்கும்மா சொன்ன நேரத்துக்கு வந்திருக்காரு? முகூர்த்தத்துக்கே லேட்டு.”

சொல்லி முடிக்கவில்லை, சத்தம் கேட்டது. தூரத்தில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். பிறகு வளைவில் அது தெரிந்தது. நான் நினைத்தமாதிரி அலை இல்லை. நுரையும் சுள்ளியும் சருகுமாக, ஒரு சாண் உயரம்தான். மணலில் முகத்தை வைத்து மோந்து பார்த்துக்கொண்டே வருகிறமாதிரி வந்தது. பள்ளத்தைக் கண்டால் நின்று நிரப்பிவிட்டு வந்தது. அதற்குப் பின்னால்தான் ஆறு. சாக்லேட் நிறத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நிறைந்து, மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போனது. மண்வாசனையில் மூச்சு அடைத்தது.

கொஞ்சம் தணிந்ததும் டோனா கரையோரமாக ஒரு பாறையைக் காட்டி, அதுவரை போகலாம் என்றார். தேன்மொழி பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“வாம்மா.”

“நீ விடு கண்ணு. நான் எதுக்கு? இங்கயே நிக்கிறேன்.”

என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதிலிருந்து நான் ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் இறங்கியதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வீட்டில் சாதம் கிளறிக் கொடுத்தனுப்புவேன்.

தேன்மொழி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நீ வரக்கூடாதுன்னா நானும் வரக்கூடாதும்மா. நான் மட்டும் யாரு?”

போனேன். டோனா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பாறையில் நிற்கவைத்தார். முதல் கை தேன்மொழி அள்ளினாள். பிடித்துக்கொண்டே நின்றாள். விரலைத் திறக்க முடியவில்லை அவளால். நான் அவள் கைக்குக் கீழே என் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். அப்போது விட்டாள். கொஞ்சம் என் கையில் விழுந்தது, மீதி காற்றில். நான் என் கையிலிருந்ததைத் தண்ணீரில் விட்டேன். பொடிப்பொடியாகச் சிவப்பு, நுரையோடு சுற்றிவிட்டுப் போய்விட்டது. அடுத்த கை, அடுத்த கை. கடைசியில் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள்.

அழுதாள். மூன்று வருஷத்தில் என் கண் முன்னால் அழுதது அப்போதுதான். நானும் அழுதேன். டோனா எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் என் முழங்கையை விடவில்லை.

இரண்டு மணிக்குக் கிளம்பும்போது ஓடை பாதியாக இறங்கிவிட்டது. நாளைக்குக் குட்டைகள்தான் நிற்கும், அப்புறம் மறுபடி மணல் என்றார் டோனா. நான் கும்பிட்டேன். அவர் இந்தத் தடவை கும்பிடாமல் கட்டிக்கொண்டார்.

வடக்கே திரும்பும் வழியில், ஆல்பைனுக்கு முன்னால் எல்லைக் காவல் சாவடி இருக்கிறது. எல்லா வண்டியையும் நிறுத்துகிறார்கள். இளவயது அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார். பிறகு என் மடியைக் காட்டி என்னிடமே ஏதோ கேட்டார். இங்கே யாராவது என்னிடம் பேசினால் நான் மகளைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு என்னவோ, பெட்டியைத் திறந்து சாய்த்துக் காட்டினேன்.

“எம்ப்டி” என்றேன்.

போகச் சொல்லிக் கையை அசைத்தார். “அம்மா, இங்கிலீஷ்!” என்றாள் தேன்மொழி. அந்தப் பயணத்தில் அவள் சிரித்த நல்ல சிரிப்பு அது.

இதை எழுதும்போது காப்பெல் வீடு பாதி காலி. எங்கள் காவிரி பெரிய ஆறு. சொன்ன தேதிக்கு வரும், அதன் படித்துறையில் யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்கு உண்டு. டெர்லிங்குவாவுக்குப் படித்துறையும் கிடையாது, கணக்கும் கிடையாது. ஒரு நாள் தள்ளித்தான் வந்தது. வந்தபோது என்னையும் இறங்க விட்டது. ஊருக்குப் போனதும் அடுத்த ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் இறங்குவேனா என்று தெரியவில்லை. இறங்கிப் பார்க்க ஆசை இருக்கிறது.

நேற்றுத் தேன்மொழி சமையலறைச் சாமான்களைக் கட்டினாள். அட்டைப்பெட்டி ஒன்று குறைந்தது. கூடத்து மூலையில் இருந்த அந்தப் பெட்டியை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த பூத்தூளை ஊதிவிட்டு, உள்ளே எலெக்ட்ரிக் குக்கரை வைத்தாள். பக்கத்தில் ‘கிச்சன்’ என்று எழுதினாள். குக்கர் கொஞ்சம் உயரம், பெட்டி மூடவில்லை. “அம்மா, வா, மேல உக்காரு” என்றாள். நான் அதன்மேல் உட்கார்ந்தேன். அவள் சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினாள்.